மணல் ஈ எந்த உடலிலிருந்து கிருமியை எடுக்கிறது? லீஷ்மேனியா ஆய்வுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

மணல் ஈ என்னும் சிறு பூச்சி கடித்துப் பரப்பும் லீஷ்மேனியாசிஸ் என்னும் நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் ஒருவர் விரைவிலேயே குழம்பிப்போவார். ஓர் ஆய்வுக் கட்டுரை நாய்களைப் பற்றிப் பேசும்; அடுத்தது முயல்களைப் பற்றிப் பேசும்; இன்னொன்று பாலைநில எலிகளையும், மற்றொன்று பீகார் மாநிலத்துக் கிராம மக்களையும் பற்றியதாக இருக்கும். இவை எல்லாவற்றின் உடலிலும் இந்நோயைத் தரும் லீஷ்மேனியா என்னும் கிருமி கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படியானால் மனிதருக்கு இந்நோய் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு.

இக்குழப்பம் தீர மூன்று நிலைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் உயிரியின் உடலுக்குள் கிருமி புகுந்து தங்கியிருப்பது முதல் நிலை. அக்கிருமியால் அந்த உயிரி நோயுற்று வாடுவது இரண்டாம் நிலை. அதன் உடலிலிருந்து கிருமி மறுபடியும் புறப்பட்டு வேறோர் உயிரியை அடைவது மூன்றாம் நிலை. முதல் நிலையை அடைந்த உயிர்கள் எல்லாம் இரண்டாம் நிலையை அடைவதில்லை. மூன்றாம் நிலையை அடைபவை அவற்றினும் வேறான ஒரு கூட்டம். ஓர் ஊரில் கிருமியை ஆண்டுக்கணக்கில் அழியாமல் காத்து, பரப்பும் பூச்சிக்கு அதனைத் தொடர்ந்து வழங்கிவரும் உயிரினத்தைத் தேக்க உயிரி என்பார்கள். வாய்க்கால்கள் பல ஓடினாலும் பாசனத்துக்கு நீர் தருவது ஏரி ஒன்றுதான் என்பதைப்போல, தொற்றுள்ள விலங்குகள் பல இருந்தாலும் நோயை நிலைக்கச் செய்வது அவற்றுள் ஒன்றோ இரண்டோதான். லீஷ்மேனியா ஆய்வின் நூற்றிருபது ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒன்றிரண்டைத் தேடியதன் வரலாறே.

கிருமியும் அதன் இரு வாழ்க்கைகளும்

லீஷ்மேனியா என்பது பாக்டீரியாவும் அன்று, வைரசும் அன்று. மலேரியாக் கிருமியைப்போல அதுவும் ஒற்றை உயிரணுவால் ஆன ஓர் ஒட்டுண்ணி. மனிதரைத் தாக்கும் இனங்கள் மட்டுமே இருபதுக்கு மேல் உள்ளன. இனத்தைப் பொறுத்தும், தாக்கப்பட்டவரின் எதிர்ப்பு ஆற்றலைப் பொறுத்தும் நோயின் முகம் மாறும். சில இனங்கள் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கிப் பல மாதங்களுக்குப் பின் தழும்பை விட்டுச் செல்லும். தென் அமெரிக்காவில் சில இனங்கள் மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்சவ்வை அரித்துவிடும். மூன்றாவது வகை உள்ளுறுப்புகளைத் தாக்குவது. இந்தியாவில் காலா அசார் என்று அறியப்படுவது இதுவே. வாரக்கணக்கில் நீளும் காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தசோகை, வயிறு புடைக்கும் அளவுக்கு வீங்கும் மண்ணீரல் ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவம் செய்யாவிட்டால் இந்த வகை நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துபோவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எல்லா வகைகளையும் சேர்த்து ஆண்டுதோறும் ஏழு முதல் பத்து லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் ஏற்படுவதாகவும் அந்நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த ஒட்டுண்ணிக்கு இரண்டு உருவங்கள் உண்டு. பூச்சியின் குடலில் இருக்கும்போது அது நீண்ட உடலும் முன்புறம் ஒரு சாட்டை இழையும் கொண்டு நீந்தித் திரியும். பாலூட்டியின் உடலுக்குள் புகுந்ததும் சாட்டையைச் சுருக்கிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கே அளவுள்ள உருண்டையாகிவிடும். வியப்பளிப்பது அது தங்குமிடமாகத் தேர்ந்துகொள்வதுதான். உடலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கிச் செரித்து அழிப்பதற்கென்றே இருக்கும் பெருவிழுங்கி என்னும் வெள்ளணுவுக்குள் அது குடிபுகுகிறது. பிற கிருமிகளைக் கொல்லும் அமிலம் நிறைந்த அறைக்குள்ளேயே பிளந்து பெருகுகிறது. பெருவிழுங்கிகள் மிகுதியாகத் திரளும் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்கள் உள்ளுறுப்பு நோயில் முதன்மையாகப் பாதிக்கப்படுவது இதனால்தான்.

இந்த உருண்டைகளை அடையாளம் கண்ட வரலாற்றில் சென்னைக்கு நேரடியான இடம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் பணியாற்றி நோயுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் 1900ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டார். ஆனால் 1903ஆம் ஆண்டில்தான் அதனை வெளியிட்டார். அவை சிதைந்துபோன வேறொரு ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்பது அவரது கருத்து. அதே 1903ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் இறந்தவர்களின் மண்ணீரலில் அதே உருண்டைகளைக் கண்டதோடு நில்லாமல், உயிரோடு இருந்த நோயாளியின் மண்ணீரலிலிருந்து ஊசி வழியே எடுத்த மாதிரியிலும் அவற்றைக் காட்டினார். ஆகவே அவை இறப்புக்குப் பின் சிதைந்து தோன்றியவை அல்ல என்பது உறுதியாயிற்று. மலேரியா ஆய்வுக்காகப் பெயர்பெற்ற ரொனால்டு ராஸ் இது ஒரு புதிய உயிரினம் என்று முடிவுசெய்து, இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவனி என்று பெயரிட்டார்.

ஈயைக் குற்றவாளி என்று நிறுவியது

கிருமி தெரிந்துவிட்டது, அதைப் பரப்புவது எது என்பது தெரிய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் மூட்டைப்பூச்சியின்மீதே ஐயம் விழுந்தது; சென்னையில் பணியாற்றிய பேட்டன் உள்ளிட்டோர் அத்திசையில் வெகுகாலம் உழைத்தனர். 1920களில் ஆய்வாளர்களின் பார்வை மணல் ஈயின் பக்கம் திரும்பியது. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்பூச்சி கொசுவைப்போல ரீங்கரிக்காது. உட்கார்ந்திருக்கும்போது இறகுகளை மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். தொலைவாகப் பறக்க இயலாமல் தத்தித் தத்திப் பறக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் எளிதில் நுழைந்துவிடும். கொசுவைப்போல நீரில் முட்டையிடுவதும் இல்லை. ஈரமும் மக்கிய பொருள்களும் நிறைந்த மண், மாட்டுத் தொழுவம், மண்சுவரின் வெடிப்பு, விலங்குகளின் வளை ஆகியவையே இது பெருகும் இடங்கள். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது என்னும் நமக்குப் பழகிய கொசு ஒழிப்பு அறிவுரை இந்தப் பூச்சியிடம் பயன்படாது.

நோயாளியைக் கடித்த மணல் ஈயின் குடலில் கிருமி பெருகுவதைக் கல்கத்தாவில் 1924ஆம் ஆண்டிலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்த ஈ மீண்டும் கடித்து இன்னொருவருக்கு நோயைத் தருவதைக் காட்டும் சோதனைகள் தொடர்ந்து தோற்றன. முதல் முறை இரத்தம் குடித்தபின் ஈக்கு மறுபடியும் இரத்தமே தரப்பட்டது. பெரும்பாலான ஈக்கள் அதற்குள் இறந்துபோயின, இறக்காதவற்றிலும் கிருமி போதிய அளவு பெருகவில்லை. மணல் ஈக்கள் இயற்கையில் செடிகளின் இனிப்புச் சாற்றையும் குடிப்பவை என்பது பின்னர்தான் கருத்தில் கொள்ளப்பட்டது. ஸ்மித்தும் அவரது குழுவினரும் ஈக்களுக்கு உலர்திராட்சையை உணவாகத் தந்தபோது, கிருமிகள் ஈயின் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகின. அடைபட்ட தொண்டையோடு கடிக்க முயலும் ஈ, இரத்தத்தை உறிஞ்ச முடியாமல் கிருமிகளைக் கடிவாய்க்குள் கக்கிவிடுகிறது. இந்த உத்தியைப் பயன்படுத்தி சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அசாமில் தாமாக முன்வந்த மனிதர்களை ஈக்கள் கடிக்கச் செய்து, அவர்களுக்குக் காலா அசார் உண்டாவதை 1942ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்றைய ஆய்வு அறநெறிக் குழு எதுவும் அத்தகைய சோதனைக்கு எளிதில் ஒப்புதல் தராது. ஆனால் பரப்பும் பூச்சி எது என்ற வழக்கு அச்சோதனையோடு முடிந்தது.

மனிதருக்கு நோய் தரும் ஈ எந்த உடலிலிருந்து கிருமியை எடுத்தது என்ற கேள்வி மட்டும் முடியவில்லை. அதற்கான விடை ஊருக்கு ஊர் வேறுபட்டது.

நாய்: தெளிவான சான்றும் தெளிவற்ற தீர்வும்

துனிஸ் நகரில் பாஸ்டர் நிறுவனத்தை நடத்திவந்த சார்ல் நிக்கோல், அங்குள்ள குழந்தைகளிடம் காணப்பட்ட உள்ளுறுப்பு நோயை ஆராய்ந்துவந்தார். அவ்வூர் நாய்களிலும் அதே ஒட்டுண்ணி இருப்பதை அவர் 1908ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அந்த இனமே லீஷ்மேனியா இன்ஃபான்டம் எனப்படுகிறது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் பிரேசில் போன்ற தென் அமெரிக்க நாடுகளிலும் இந்த இனத்துக்கு நாயே முதன்மையான தேக்க உயிரி. நோயுற்ற நாயின் தோல் உரிந்து முடி உதிரும், நிணநீர்க்கணுக்கள் வீங்கும், நகங்கள் அளவுமீறி வளர்ந்து வளையும், இறுதியில் பெரும்பாலும் சிறுநீரகம் செயலிழந்து இறக்கும்.

மேலே சொன்ன மூன்று நிலைகளின் வேறுபாடு நாயிடம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஸ்பெயினுக்கு உரிய மயோர்க்கா தீவில் 100 நாய்களைச் சோதித்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோயின் அறிகுறிகள் 13 நாய்களிடமே காணப்பட்டன. இரத்தத்தில் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் 26 நாய்களிடம் இருந்தது. தோல், கண் சவ்வு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் கிருமியின் டி.என்.ஏ.வையும் தேடிப்பார்த்தபோது தொற்றுள்ளவற்றின் எண்ணிக்கை 67 ஆக உயர்ந்தது. எனவே, ஓர் ஊரில் இத்தனை சதவீத நாய்களுக்கு இந்நோய் உள்ளது என்று யாரேனும் எழுதினால், எந்தச் சோதனையால் எண்ணினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

தொற்றுள்ள நாய்களில் எவை ஈக்குக் கிருமியைத் தருகின்றன? இதைக் கண்டறிய ஒரு நேரடியான வழி இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த, கிருமி இல்லாத மணல் ஈக்களை அந்த விலங்கின்மீது கடிக்கவிட்டு, சில நாள்கள் கழித்து ஈக்களின் குடலை அறுத்துப் பார்ப்பது. சீனோடயக்னோசிஸ் என்பது இதன் பெயர். இதற்கு ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் வசதி வேண்டும். அத்தகைய கூடங்கள் உலகில் மிகக் குறைவு என்பதால் இச்சோதனையும் அரிதாகவே நடக்கிறது. என் மதிப்பீட்டில், இந்தத் துறையில் மிகுந்த பயன் தந்த சோதனை இதுவே.

பிரேசிலின் அமேசான் பகுதியில் இவ்வழியில் நடந்த இரு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. முதல் ஆய்வில், தொற்றுள்ள நாய்களில் ஒரு சிறுபான்மையே மிகுதியாகக் கிருமியை வழங்கியது என்பதும், ஈக்களுக்குச் சென்ற தொற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அச்சிறுபான்மையிடமிருந்தே வந்தது என்பதும் தெரிந்தன. இரண்டாவது ஆய்வு அதே பகுதியின் காட்டு நரிகளைப் பற்றியது. அந்த நரிகள் பலவற்றின் உடலில் தொற்று இருந்தது. ஆகவே அவை காட்டுத் தேக்க உயிரிகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டன. நூற்றுக்கணக்கான ஈக்களை அவற்றின்மீது கடிக்கவிட்டபோது ஓர் ஈகூடக் கிருமியைப் பெறவில்லை. நரிக்குத் தொற்று உண்டு. ஆனால் தொற்றைக் கடத்துவதில் அதற்குக் குறிப்பிடத்தக்க பங்கு இல்லை. நாய்களிடமிருந்து அதற்கு வந்தது அதனிடமே முடிந்துபோகிறது.

இந்த அறிவு நடைமுறையில் எப்படிப் பயன்பட்டது என்பது சற்று மனத்தை வருத்தும் கதை. பிரேசிலில் எதிர்ப்பொருள் சோதனையில் தொற்று உறுதியான நாய்களைக் கொல்வது பல பத்தாண்டுகளாக அரசின் கொள்கையாக இருந்துவந்தது. ஆனால் அச்சோதனை மிகுதியாகத் தொற்றைத் தரும் சிறுபான்மையைத் தனியே பிரித்துக் காட்டுவதில்லை. சோதனை முடிவு வருவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கு உரிமையாளர் ஒரு குட்டியைக் கொண்டுவருவார். எதிர்ப்பு ஆற்றல் முதிராத அந்தக் குட்டி விரைவில் தொற்றைப் பெறும். இக்கொள்கையால் மனிதரிடம் நோய் குறைந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஈரானின் வடமேற்கில் நடந்த சோதனை இதற்கு மாறான வழியைக் காட்டியது. அங்கு 18 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதிக் கிராமங்களின் நாய்களுக்கு டெல்டாமெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி ஊறிய கழுத்துப்பட்டையை அணிவித்தார்கள். 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, பட்டை அணிந்த நாய்களிடம் புதிய தொற்று குறைந்ததோடு, அவ்வூர்க் குழந்தைகளிடமும் அது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நாயைக் கொல்லாமல், நாய்க்கும் ஈக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டும் வெட்டுவது போதுமானதாக இருந்தது.

நாய்க்கு மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பாவில் கொடுக்கிறார்கள். ஆனால் மருந்து நாயின் உடல்நிலையைத் தேற்றுமே தவிர கிருமியை முற்றாக அகற்றுவது அரிது. மனிதருக்குப் பயன்படும் ஒருசில மருந்துகளையே நாய்க்கும் கொடுத்தால் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் உருவாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே மனித மருந்துகளை நாய்களுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் ஊக்குவிப்பதில்லை.

மாட்ரிட் நகரின் முயல்கள்

தேக்க உயிரியைத் தேடும் பணி எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று ஸ்பெயினில் கிடைக்கிறது. மாட்ரிட் நகரத்தின் தென்மேற்கில் உள்ள ஃபுவென்லப்ராடா என்னும் நகரிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் 2009ஆம் ஆண்டின் நடுவிலிருந்து லீஷ்மேனியா நோயாளிகள் திடீரெனப் பெருகினர். 2012ஆம் ஆண்டு முடிவதற்குள் 446 பேர் நோயுற்றனர். அவர்களுள் 160 பேருக்கு உள்ளுறுப்பு நோய், ஏனையோருக்குத் தோல் நோய். ஐரோப்பாவில் சமூக அளவில் பதிவான மிகப் பெரிய பரவல் இதுவே.

வழக்கப்படி முதலில் நாய்களையே சோதித்தார்கள். ஆனால் நாய்களிடம் தொற்று கூடவில்லை. முந்தைய ஆண்டுகளில் இருந்த குறைந்த அளவிலேயே இருந்தது. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, அப்பகுதியில் புதிதாக உருவாக்கப்பட்டிருந்த பரந்த பூங்கா ஒன்றின் ஓரத்தில் அவை திரண்டிருப்பது தெரிந்தது. அந்தப் பூங்காவில் குழிமுயல்களும் வெளிமுயல்களும் பெருகியிருந்தன. சாலைகளாலும் கட்டடங்களாலும் சூழப்பட்ட இடமாதலால் அவை அங்கிருந்து வெளியேறவும் வழியில்லை. வேட்டையாடும் விலங்குகளும் அங்கு அரிது. பிடிபட்ட மணல் ஈக்களின் வயிற்றில் இருந்த இரத்தத்தைச் சோதித்தபோது அதில் பெரும்பகுதி முயலின் இரத்தமாக இருந்தது. இறுதியாக, உயிருள்ள வெளிமுயலின்மீது ஆய்வக ஈக்களைக் கடிக்கவிட்டார்கள். ஈக்களின் குடலில் கிருமிகள் வளர்ந்தன. குழிமுயலிலும் பின்னர் அவ்வாறே நிறுவப்பட்டது. நோயாளிகளிடம் இருந்த கிருமியும் முயல்களிடம் இருந்த கிருமியும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதும் உறுதியாயிற்று.

அதுவரை மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்நோய்க்கு நாயே தேக்க உயிரி என்பதைப் பாடநூல்கள் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவந்தன. முயலுக்குத் தொற்று ஏற்படலாம் என்பதும் ஒருவாறு தெரிந்தே இருந்தது. ஆனால் அது பொருட்படுத்தத்தக்கதாக எண்ணப்படவில்லை. நிலப் பயன்பாட்டில் ஏற்பட்ட மாற்றம் ஒன்று, சிறு பங்கே வகித்துவந்த விலங்கை முதன்மைத் தேக்க உயிரியாக்கிவிட்டது. முயல்களைப் பிடித்து அகற்றுவதும், ஈக்கள் பெருகும் இடங்களைத் துப்புரவு செய்வதும் அங்கு கட்டுப்பாட்டு நடவடிக்கையில் சேர்ந்தன. மக்களின் நன்மைக்காக மரம் நட்டு அமைத்த ஒரு பூங்கா இப்படியொரு விளைவையும் தரக்கூடும் என்பதை நகரத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்வதில்லை.

வேறு நாடுகளின் தேக்க உயிரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடு ஆசியாவின் வறண்ட நிலங்களில் தோல் புண்ணை உண்டாக்கும் லீஷ்மேனியா மேஜர் என்னும் இனத்தைப் பெருமணல் எலிகள் காக்கின்றன. அவற்றின் ஆழமான வளைகளுக்குள்ளேயே மணல் ஈக்களும் வாழ்வதால் மனிதர் இல்லாமலேயே சுழற்சி நடக்கிறது. சோவியத் ஆட்சிக் காலத்தில் நிலத்தை ஆழ உழுது வளைகளை அழித்து நோயைக் குறைத்தார்கள். எத்தியோப்பிய மலைப்பகுதிகளில் பாறை முயல் என்று சொல்லத்தக்க ஹைராக்ஸ், அமேசானின் வடக்கே மரத்தில் தொங்கி வாழும் இருவிரல் ஸ்லாத் என்று பட்டியல் நீளும்.

ஆய்வகத்து விலங்குகள்

விலங்குகளில் லீஷ்மேனியா ஆய்வு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நோய் எப்படி வளர்கிறது, எந்த மருந்து வேலை செய்கிறது என்று அறிய, ஆய்வகத்தில் வேண்டுமென்றே தொற்றை ஏற்படுத்திப் பார்க்கும் விலங்குகள் இவை. இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இந்நோயை ஆராய்ந்த சால் அட்லர், சீனாவில் இதே ஆய்வுக்குப் பயன்பட்ட ஒருவகை வெள்ளெலியை வளர்க்க முயன்று தோற்றார். அது கூண்டில் இனம்பெருக்க மறுத்தது. எனவே உள்ளூரில் ஏற்ற விலங்கைத் தேடித்தருமாறு விலங்கியலாளர் அகரோனியைக் கேட்டுக்கொண்டார். அகரோனி 1930ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே கோதுமை வயல் ஒன்றைத் தோண்டச் செய்து, பொன்னிற ஹாம்ஸ்டர் தாய் ஒன்றையும் அதன் குட்டிகளையும் எடுத்துவந்தார். பிழைத்த சில குட்டிகளிலிருந்து பெருகிய கூட்டமே உலகெங்கும் ஆய்வகங்களுக்குச் சென்றது. இன்று வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல்களே. மனிதரிடம் காலா அசார் வளர்வதைப்போலவே இந்த விலங்கிடமும் மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, இறப்பு நேர்வதால் புதிய மருந்துகள் இன்றும் இதனிடம் சோதிக்கப்படுகின்றன.

சுண்டெலிகள் வேறொரு பாடத்தைத் தந்தன. ஒரே இனக் கிருமியை இரு வேறு எலி வகைகளுக்குச் செலுத்தியபோது, ஒரு வகையில் புண் தானாக ஆறியது. மற்றொன்றில் நோய் உடலெங்கும் பரவி எலியைக் கொன்றது. கிருமி ஒன்றே, எனவே வேறுபாடு எலியின் எதிர்ப்பு அமைப்பில் இருந்தாக வேண்டும். 1980களின் இறுதியில் விடை கிடைத்தது. குணமான எலிகளில் துணை வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து, பெருவிழுங்கிகளைத் தம்முள் இருக்கும் கிருமியைக் கொல்லுமாறு தூண்டின. இறந்த எலிகளில் துணை வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் 4 என்னும் வேறு பொருளைச் சுரந்தன. அது எதிர்ப்பொருள்களைப் பெருக்கியது, ஆனால் உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை எதிர்ப்பொருள்களால் தொட இயலவில்லை. நோய்வாய்ப்பட்ட நாய்களிடம் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தும் அவை நலிவதற்கு இதுவே விளக்கம் தருகிறது. மனிதரிடம் இந்த இரு பிரிவும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்திருப்பதில்லை. எலியைக் குணப்படுத்திய தடுப்பு மருந்துகள் பல மனிதரிடம் பயன் தராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மனிதருக்கென உரிமம் பெற்றுப் பரவலாகப் பயன்படும் தடுப்பூசி இந்நோய்க்கு இன்னும் வரவில்லை.

இந்தியாவில் தேக்க உயிரி மனிதரே

பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும், நேபாளத்திலும், வங்கதேசத்திலும் காலா அசாரைத் தருவது லீஷ்மேனியா டோனவனி. அதைப் பரப்புவது ஃபிளெபோட்டமஸ் அர்ஜென்டிபஸ் என்னும் மணல் ஈ. இந்த ஈ மாட்டின் இரத்தத்தையே மிகுதியாக விரும்புவது. வீட்டை ஒட்டிய தொழுவங்களில் செழிப்பது. ஆனால் மாடு கிருமியைப் பெருக்கித் தருவதாகச் சான்று இல்லை. ஆடுகளிடமும் மாடுகளிடமும் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்ததாக நேபாளத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தபோது பரபரப்பு ஏற்பட்டது. ஆயினும் கட்டுரையின் தொடக்கத்தில் பிரித்துக் காட்டிய முதல் நிலைக்கு மேல் அது எதையும் நிறுவவில்லை. கிருமியுள்ள ஈ கடித்த எந்த விலங்கிடமும் டி.என்.ஏ.வின் எச்சம் கிடைக்கக்கூடும்.

பீகாரின் முசாஃபர்பூர் மாவட்டத்தில் நடந்து 2021ஆம் ஆண்டில் வெளியான சோதனை, அதே கேள்வியை மனிதரிடமே கேட்டது. மருந்து தொடங்கும் முன் காலா அசார் நோயாளிகளின் தோலில் ஈக்களைக் கடிக்கவிட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் ஈக்குக் கிருமியைத் தந்தார்கள். கிருமி உடலில் இருந்தும் நோயே இல்லாதவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சோதித்ததில் ஒருவரும் தரவில்லை. நோயுற்ற ஒருவருக்குப் பல பேர் என்ற கணக்கில் அறிகுறியற்றோர் இருப்பதால், அவர்களும் பரப்புபவர்களாக இருந்தால் நோய் ஒழிப்பு என்பது கனவாகவே இருந்திருக்கும். அந்த வகையில் இம்முடிவு பெரிய ஆறுதல்.

அதே சோதனையில் கவலை தரும் செய்தியும் இருந்தது. காலா அசார் குணமாகிச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, இந்தியத் துணைக்கண்டத்தில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத் தோலில் வெளிறிய திட்டுகளும் கட்டிகளும் தோன்றுவதுண்டு. இவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வயல் வேலைக்கும் போய்வருவார்கள். ஆகவே மருத்துவமனைக்குச் செல்ல மாட்டார்கள். தொழுநோய் என்று எண்ணி மறைப்பவர்களும் உண்டு. இவர்களில் ஐந்தில் இருவர் என்ற அளவில் ஈக்குக் கிருமியைத் தந்தது தெரியவந்தது. ஊரில் காலா அசாரே இல்லை என்று பதிவேடு காட்டும் ஆண்டுகளில் கிருமியைக் காத்துவைப்பவர்கள் இவர்களாக இருக்கக்கூடும். எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்துள்ள நோயாளிகளுக்கு நோய் திரும்பத் திரும்ப வருவதால் அவர்களும் இதே கவனத்துக்கு உரியவர்கள்.

இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய மூன்றும் 2005ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படை இதுதான். விலங்குத் தேக்கம் இல்லாத இடத்தில் நோயாளியை விரைவில் கண்டறிந்து குணப்படுத்தினாலே ஈக்குக் கிருமி கிடைக்காமல் போகும். விரல் நுனி இரத்தத்தில் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆர்கே39 பட்டைச் சோதனையும், ஒரே நாளில் ஏற்றி முடிக்கும் கொழுப்புறை ஆம்ஃபோடெரிசின் மருந்தும், வீட்டுச் சுவர்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதும் இதற்குக் கருவிகளாயின. 1992ஆம் ஆண்டில் இந்தியாவில் 77,000 பேர் நோயுற்றனர். அண்மை ஆண்டுகளில் இது ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. வங்கதேசம் 2023ஆம் ஆண்டில், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோயை ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. பிரேசிலால் இதைச் செய்ய இயலாததற்குத் திறமைக் குறைவு காரணமன்று. அங்கே கிருமி நாயிடம் இருக்கிறது.

இலங்கையும் அகத்தியமலையும்

தமிழ் பேசும் மக்கள் வாழும் நிலங்களில் இந்நோய் வேறொரு புதிரை முன்வைக்கிறது. இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய தோல் நோயாளி முதன்முதலாக 1992ஆம் ஆண்டில் பதிவானார். 2008ஆம் ஆண்டில் இது கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. காடுகளில் பணியாற்றிய படையினரிடமும், பின்னர் தென்பகுதியிலும் வடமத்திய மாகாணத்திலும் உள்ள கிராமத்தாரிடமும் நோய் பெருகியது. வியப்பு என்னவெனில், பீகாரில் மண்ணீரலைத் தாக்கி உயிரைப் பறிக்கும் அதே லீஷ்மேனியா டோனவனி இனத்தின் ஒரு வகையே இங்கு தோலோடு நின்றுவிடும் புண்ணை உண்டாக்குகிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலையை ஒட்டி வாழும் காணிப் பழங்குடியினரிடமும் இதே இனம் தோல் நோயையே தருகிறது. ஒரே இனம் ஓரிடத்தில் உள்ளுறுப்பையும் மற்றோரிடத்தில் தோலையும் நாடுவது ஏன் என்பதை அறிய, இரு வகைக் கிருமிகளின் மரபணுக்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுவருகிறார்கள்.

இலங்கையில் தேக்க உயிரி எது என்பது இன்னும் திறந்த கேள்வியே. சில நாய்களிடம் தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது; அதைக்கொண்டு தெருநாய்களைக் குற்றம்சாட்டும் குரல்களும் எழுகின்றன. அமேசான் நரியின் கதையை அறிந்தவர் அவ்வளவு விரைவாக முடிவு கட்டமாட்டார். அங்குள்ள நாயின்மீதும் காட்டு விலங்கின்மீதும், புண்ணுள்ள மனிதரின்மீதும் ஈக்களைக் கடிக்கவிட்டுப் பார்க்கும் சோதனைகளும், பிடிபட்ட ஈக்களின் வயிற்று இரத்தம் யாருடையது என்னும் பகுப்பாய்வும் பரவலாக நடந்தாக வேண்டும். மனிதரே அங்கும் தேக்கம் என்று தெரிந்தால், செய்ய வேண்டியது நாயைப் பிடிப்பதன்று. முகத்திலோ கை கால்களிலோ தோன்றி, வலியும் அரிப்பும் இல்லாமல் வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும் சிறு கட்டியைத் தோல் மருத்துவரிடம் காட்டச் செய்வதே. ஆன்டிமனி மருந்தைப் புண்ணிலேயே ஊசியாகப் போடுவதும், திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் இலங்கை அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் வழக்கமாக அளிக்கப்படும் சிகிச்சைகளாகும்.